கால் பார்க்கிற படிப்புக்கு மகளை அனுப்பலாமா?

அம்மா, உசிலம்பட்டியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.பி.ஓ. (செயற்கைக் கை கால்களும் உடல் தாங்கு கருவிகளும் செய்யும் பட்டப்படிப்பு) படிக்கிறேன் என்கிறாள், "இது செருப்பு செய்கிற வேலைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், செருப்பும் செய்வார்கள். அதில் குறைவாக நினைக்க ஒன்றுமே இல்லை.

என் மாமனாருக்குச் சர்க்கரை. ஒரு சித்திரை மாதம் மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் நண்பகல் வெயிலில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்த்தோம். அவருக்கு வலியே இல்லை. புண் ஆறியதும் ஓர் ஆர்த்தோடிஸ்ட்டிடம், அதாவது இந்தப் படிப்பு படித்தவரிடம், கூட்டிப்போனோம். அந்தப் பெண் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். "தொடுறப்ப சொல்லுங்கய்யா" என்றால், இவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பெருவிரலுக்குக் கீழே தொட்டது எதுவுமே தெரியவில்லை. அப்புறம் பாதத்தை அச்செடுத்து, செருப்பின் உள்தளத்தில் அழுத்தம் விழும் இடத்தைக் குடைந்துவிட்டு, பின்வார் வைத்த எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு செய்து தந்தார். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காப்பாற்றப் பயன்பட்ட அதே மெத்தென்ற ரப்பர்தான். மூன்று வருடமாகப் புண் இல்லை.

சர்க்கரைக்காரர்களோடு இந்த வேலை முடிவதில்லை. பாதம் திரும்பிப் பிறந்த குழந்தைக்கு மாவுக்கட்டுப் போட்டு நேராக்கிய பிறகு, நான்கைந்து வயது வரை இரவில் மாட்டும் பிரேஸ், பக்கவாதத்தில் பாதம் தொங்கிப்போனவருக்கு அதைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் காலிபர், விபத்தில் காலை இழந்தவருக்குச் செயற்கைக் கால் எல்லாம் இவர்கள் கையில்தான்.

படிப்பு நான்கு வருடம், மேலே ஆறு மாதம் பயிற்சி. வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது. கட்டாக், கொல்கத்தா தேசிய நிறுவனங்களுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அறிவியல் பாடங்களோடு கணக்கு எடுத்த பிள்ளைகளும் எழுதலாம். எந்தக் கல்லூரியானாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அங்கே பதிவு எண் வாங்கினால்தான் முறைப்படி தொழில் செய்யலாம். மூன்று மாத 'பாதப் பராமரிப்பு' சான்றிதழ் என்று யாராவது சொன்னால், அது வேறு, இது வேறு.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஆரம்பச் சம்பளத்தைப் பார்த்தால் முகம் சுருங்கும். அரசுப் பணியிடங்களும் குறைவு. கை நன்றாக ஓட ஆரம்பித்த பிறகுதான் நோயாளிகள் தேடி வருவார்கள்.

மார்க்கை விட அவளுடைய கை முக்கியம். சூடான பிளாஸ்டிக் தகட்டை மாவு அச்சின் மேல் போர்த்த வேண்டும், கிரைண்டிங் மெஷினில் தூசி பறக்க நிற்க வேண்டும், புண் நாற்றத்துக்கு முகம் சுளிக்கக் கூடாது. விண்ணப்பம் போடுவதற்கு முன், பக்கத்தில் செயற்கைக் கால் செய்கிற பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு ஒரு நாள் முழுக்க உட்கார வையுங்கள். சாயங்காலம் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். அதை அப்படியே எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.