பொருந்தியது யார் கைக்கு?

கேள்வி: அயனாவரத்தில் நகை அடகுக் கடை வைத்திருக்கிறேன். வயது 56. இரவு ஒன்பதரைக்குக் கடையைச் சாத்திவிட்டு, பணப்பையுடன் கொன்னூர் நெடுஞ்சாலை வழியாக வில்லிவாக்கத்திலுள்ள வீட்டுக்குப் போக வேண்டும். யாரோ பின்தொடர்வதாகத் தோன்றியதால் கைத்துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்து வாங்கிவிட்டேன். ஒரு துப்பாக்கிக் கடையில் பழைய வெளிநாட்டு பாயிண்ட் 32 பிஸ்டல் பார்த்தேன். பைக்குள் அடங்குகிற சிறிய அளவு. என் கைக்கு அடக்கமாக இருக்கிறது. கூட வந்த மகனும் (பிளஸ் டூ, வயது 17) பிடித்துப் பார்த்தான், அவன் கைக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. பல லட்சம் போடுவதற்கு முன் சுட்டுப் பார் என்கிறார் நண்பர். கடைக்காரரோ, "இது பேர் பெற்ற கம்பெனிப் பொருள், சோதிக்க அவசியமில்லை, வேண்டுமானால் வண்டலூருக்கு அப்பால் என் தோப்பில் இரண்டு தோட்டா போட்டுப் பார்க்கலாம்" என்கிறார். கண்புரை அறுவைக்குப் பிறகு இரவில் எதிர் வெளிச்சம் எனக்குக் கூசுவதால் மகன்தான் ஸ்கூட்டர் ஓட்டுகிறான். சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குவதா, அப்படியே வாங்கிவிடுவதா?
— வில்லிவாக்கம் வாசகர்

பதில்: சுட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கேட்டதற்குப் பதில் முடிந்தது.

இனி, போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த வரிக்கு வருகிறேன். "அவன் கைக்கும் கச்சிதமாகப் பொருந்தியது." உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது. பணம் உங்களுடையது, பயமும் உங்களுடையது. பிள்ளையின் கைக்கு எதற்காக அளவு பார்த்தீர்கள்? தீபாவளிச் சட்டை எடுக்கவா போனீர்கள்?

பையன் ஆசையாக வாங்கிப் பார்த்தான், அவ்வளவுதான் என்பீர்கள். நான் ஏற்க மாட்டேன். இரவில் கண் கூசுகிறது என்று எழுதுகிற அதே கடிதத்தில்தான் மகன் கைக்குப் பொருந்தியதையும் எழுதுகிறீர்கள். உங்கள் கண்ணால் முடியாததை அவன் கையால் முடித்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஏற்பாடு நடந்திருக்கிறது. உங்களுக்கே அது தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரிகிறது. தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான் என்ற ஒரே காரணத்தால் வீட்டுப் பாரத்தையெல்லாம் பிள்ளை தலையில் ஏற்றுகிற அப்பாக்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சிலர் கடனை ஏற்றுவார்கள், சிலர் பங்காளிச் சண்டையை. நீங்கள் துப்பாக்கியை ஏற்றப் போகிறீர்கள்.

சரி, பிஸ்டல் உங்கள் இடுப்பிலேயே இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூட்டரில் முன்னால் மகன், பின்னால் நீங்கள், நடுவில் பணப்பை. ஒருவன் பைக்கைக் குறுக்கே நிறுத்தி மறிக்கிறான். அவனுடைய ஹெட்லைட் உங்கள் கண்ணில் அடிக்கிறது. பிஸ்டலை எடுத்து நீட்டுகிறீர்கள். உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? உங்கள் மகனின் தலை. கூசுகிற கண்ணோடு, பெற்ற பிள்ளையின் காதோரமாகச் சுடுவீர்களா? இதை யோசித்துப் பார்க்காமல் துப்பாக்கியின் தரத்தைச் சோதிக்கக் கிளம்பிவிட்டீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வாங்கவோ, வைத்திருக்கவோ, எடுத்துச் செல்லவோ கூடாது. உங்கள் மகனுக்கு அதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துப் பையன் கையில் பிஸ்டலை எடுத்துக் கொடுத்த கடைக்காரரின் பொறுப்பு எப்படிப்பட்டது என்பதற்கு இதுவே போதும். அவர் பேச்சை நம்பிப் பல லட்சம் போடவா? இன்னொன்று, 17 வயதில் அந்த ஸ்கூட்டருக்கே அவனுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு, ஓட்டிய சிறுவனோடு நிற்காது, பெற்றவரையும் பிடிக்கும்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. துப்பாக்கிக்கு உரிமம் வாங்க அவ்வளவு அலைந்தவர், பிள்ளை உரிமமில்லாமல் வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒரு வரிகூடக் கவலைப்படவில்லை.

இப்போது சோதனை. பேர் பெற்ற கம்பெனி என்பதெல்லாம் அது செய்யப்பட்ட நாளில். பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி எண்பதுகளின் நடுவிலேயே நின்றுபோனது. கடைகளில் கைமாறுகிற வெளிநாட்டுப் பிஸ்டல் எல்லாம் பெரும்பாலும் அதற்கு முன் வந்த பழசு. நீங்கள் கொடுக்கப் போகிற லட்சங்கள் அது அரிதாகக் கிடைப்பதற்கான விலை. நன்றாகச் சுடும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. தோட்டாக்களை அடுக்கி வைக்கிற மேகசினின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இரண்டாவது தோட்டா மேலே ஏறாமல் சிக்கும். கடை மேஜையில் வைத்துப் பார்க்கும்போது இது எதுவும் தெரியாது.

கைக்கு அடக்கம் என்பதும் மேஜை வரைக்கும்தான். சிறிய பிஸ்டலின் கைப்பிடியில் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. பிடி முழுமையாக விழாது. எடை குறையக் குறையக் கையில் உதை கூடும். கான்பூரில் செய்கிற 'நிர்பீக்' ரிவால்வர் சுமார் 500 கிராம், பின்னால் வந்த 'பிரபல்' சுமார் 700 கிராம். நாள் முழுக்கத் தராசு பிடிக்கிற உங்களுக்கு அந்த 200 கிராம் வித்தியாசம் தூக்கிப் பார்க்கும்போது ஒன்றுமில்லை. சுடும்போது மணிக்கட்டு சொல்லும். குழல் குட்டையாக இருந்தால் குறி பார்க்க அதன் மேல் இருக்கிற முன் குறியும் பின் குறியும் அருகருகே வந்துவிடும். கையில் ஒரு நூலளவு பிசகினால் குண்டு எங்கேயோ போகும். பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை ஏற்ற விரலில் வலுவும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட உங்கள் கண். குறி பார்க்கும்போது கை நீளத்தில் இருக்கிற முன் குறி தெளிவாகத் தெரிய வேண்டும். கண்புரை அறுவையில் பெரும்பாலும் தூரப் பார்வைக்கான லென்ஸைத்தான் வைக்கிறார்கள். தூரத்து பஸ் நம்பர் தெரியும், துப்பாக்கி முனை மங்கும். நண்பர் சொன்ன சோதனை பிஸ்டலுக்கு வேண்டியதைவிட உங்களுக்குத்தான் அதிகம் வேண்டியிருக்கிறது.

அந்தச் சோதனை தோப்பில் நடக்கக் கூடாது. கடைக்காரரின் தோப்பு சுடுதளம் அல்ல. குண்டு எங்கே போய் விழும் என்று அவருக்கும் தெரியாது, அக்கம்பக்கத்துக் களத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் தெரியாது. கெட்டது நடந்தால் போவது உங்கள் உரிமம்தான். எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. அங்கே போய், பயிற்சியாளர் மேற்பார்வையில் இதே அளவுள்ள துப்பாக்கியைச் சுட்டுப் பழக என்ன வழி என்று கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும் என்கின்றன. சுடும் முறையும் அதில் அடக்கம். அந்தப் பயிற்சியைப் பற்றி உங்கள் கடிதத்தில் மூச்சே இல்லை. சான்றிதழை வாங்கி உறையில் போட்டதோடு சரி என்று நினைக்கிறேன்.

தனியாகப் போங்கள். மகனைக் கூட்டிப் போகாதீர்கள். முன் குறி மங்கினால், ஸ்லைடு இழுக்க விரல் வராவிட்டால், பிஸ்டல் வாங்கும் பேச்சை அன்றோடு விடுங்கள். "அப்போது மகன்..." என்று ஆரம்பிக்காதீர்கள். தற்காப்பு உரிமை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்ய அது இடம் தருவதில்லை. தேவை எது, மிகை எது என்பதை நீதிமன்றம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கும். பொதுத் தேர்வு எழுத வேண்டியவன் வாய்தாவுக்கு அலைவதைப் பார்க்கவா அவனைப் படிக்க வைக்கிறீர்கள்? பிள்ளையைக் காப்பது அப்பனின் கடமை. அப்பனின் பணப்பையைக் காப்பது 17 வயதுப் பிள்ளையின் கடமை அல்ல. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

சோதனையில் நன்றாகவே சுட்டாலும் ஒன்றை யோசியுங்கள். தேர்தல் தேதி அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது நம் ஊர் வழக்கம். முடிவு வந்த பிறகுதான் கைக்குத் திரும்பும். அந்த வாரங்களில் பணப்பையுடன் எப்படி வீட்டுக்குப் போவீர்கள்? கடையை ஏழு மணிக்கே சாத்துவீர்கள். பகலிலேயே வங்கியில் பணத்தைக் கட்டுவீர்கள். தெரிந்த ஆட்டோக்காரரை வரச் சொல்வீர்கள். இரவு ரோந்து போகிற போலீஸாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பீர்கள். அதை இந்த வாரமே செய்தால் என்ன? ஏழு மணிக்கு மேல் அடகு வைக்க வருகிறவர் காலையில் வரட்டும்.

மகனுக்குத் துப்பாக்கி சுடுவதில் உண்மையாகவே ஆசை இருந்தால் தேர்வு முடியட்டும். விளையாட்டாக, ஏர் ரைபிளில், முறையாகக் கற்றுக்கொள்ளச் சேர்த்துவிடுங்கள். ஸ்கூட்டர் சாவியை இன்றைக்கே அவனிடமிருந்து வாங்குங்கள். பிஸ்டலுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் நாளைக் காலை உங்கள் கடையைத் திறக்கும் முன் போய் அதைத் திரும்பக் கேளுங்கள்.