முக்கூர்த்தி சிகரம் பழைய எரிமலையா?

ஊட்டிக்கு மேற்கே உள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் கூரான சிகரங்களைப் பார்த்துவிட்டு இந்தச் சந்தேகத்தைக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, நீலகிரியில் எரிமலையே கிடையாது. மலைப்பாதை வெட்டுகளில் தெரியும் செம்மண்ணை எரிமலைக் குழம்பு என்று சொல்பவர்களும் உண்டு. அது பாறை மழையில் மக்கி, அதிலுள்ள இரும்பு துருவேறிய நிறம், அவ்வளவுதான்.

இங்குள்ள பாறை சார்னோகைட். சென்னைப் பரங்கிமலையிலும் இதே வகைதான். பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள்: கருநீலச் சாம்பல் நிறம், எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு, எரிமலைப் பாறையில் காணப்படும் காற்றுக்குமிழித் துளை ஒன்றுகூட இருக்காது. நிஜ எரிமலைப் பாறை வேண்டுமென்றால் மகாராஷ்டிரா பக்கம் போக வேண்டும்.

பூங்கா முழுக்க அடர்ந்த மழைக்காடு என்றும் நினைத்திருக்கிறீர்கள்; அந்தக் காடு விஷயத்தில் நீங்கள் பாதி சரி. பூங்கா சுமார் 78 சதுர கி.மீ.தான், அதிலும் பெரும்பகுதி புல்வெளி. மடிப்புப் பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு: குட்டையான மரங்கள், கிளையெல்லாம் பாசி, உள்ளே நுழைந்தால் நண்பகலிலும் இருட்டு. தாழ்நில மழைக்காடு போல ஓங்கி வளராது. திறந்த புல்வெளியில் மரக்கன்று தலையெடுக்காததற்கு குளிர்கால உறைபனியும் ஒரு காரணம். வரையாடுகளுக்கு அந்தப் புல்லும் செங்குத்துப் பாறையும்தான் வேண்டும். அவற்றுக்காகவே 1982-இல் சரணாலயமாக்கினார்கள், 1990-இல் தேசியப் பூங்கா. அப்புறம், வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது.