நார்வேயிலிருந்து அமெரிக்கா போன முன்னோர்: பயணியர் பட்டியலும் குடிக்கணக்கும்

கேள்வி: 1900 அமெரிக்கக் குடிக்கணக்கில் "ஓலே லார்சன், பிறந்த நாடு நார்வே" என்று இருக்கிறது. நார்வே பதிவுகளில் தேடினால் ஏகப்பட்ட ஓலே லார்சன்கள். எங்கே தொடங்குவது?

பதில்: நார்வே பக்கத்தை இப்போதைக்கு மூடிவையுங்கள். ஊரும் பண்ணையும் தெரியாமல் கடல் தாண்டினால் அடுத்தவர் தாத்தாவைத்தான் பிடித்துக்கொண்டு வருவீர்கள்.

முதலில் அமெரிக்கப் பதிவுகளைத் தீர்த்துவிடுங்கள். 1900 கணக்கில் பிறந்த மாதம், ஆண்டு, குடியேறிய ஆண்டு மூன்றும் உண்டு. குடியேறிய ஆண்டை 1910, 1920 கணக்குகளிலும் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போவது அபூர்வம், அதனால் முன்னும் பின்னும் மூன்று ஆண்டு சேர்த்துத் தேடுங்கள். 1890 கணக்கு 1921 தீ விபத்தோடு ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. குடும்பம் மினசோட்டாவில் இருந்திருந்தால் 1885, 1895 மாநிலக் கணக்குகள் அந்த ஓட்டையை அடைக்கும்.

ஆனால் குடிக்கணக்கில் ஊர்ப் பெயர் இராது, "நார்வே" என்றுதான் இருக்கும். ஊரும் பண்ணையும் கிடைக்க அதிக வாய்ப்புள்ள இடம், அவர்கள் போன லூத்தரன் சபையின் பதிவேடு. திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் மூன்றையும் பாருங்கள். அவருக்குக் கிடைக்கவில்லை என்றால் அவருடைய அண்ணன் தங்கைக்குத் தேடுங்கள்.

கேள்வி: ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள், ஒருவர் லார்சன், ஒருவர் ஹௌகன், இன்னொருவர் பாக்கன். எது குடும்பப் பெயர்?

பதில்: எதுவுமே இல்லை. லார்சன் என்றால் லார்ஸின் மகன், நம் இனிஷியல் மாதிரி. மகள் லார்ஸ்தட்டர், கல்யாணம் ஆனாலும் அதே பெயர்தான். பின்னால் வரும் பண்ணைப் பெயர் அவர் அப்போது குடியிருந்த முகவரி. ஹௌகன் பண்ணையில் பிறந்து பாக்கன் பண்ணைக்கு வேலைக்குப் போனவர் அங்கே ஓலே லார்சன் பாக்கன் ஆகிவிடுவார். அமெரிக்காவில் இறங்கிய பிறகு ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். நிலையான குடும்பப் பெயரை நார்வே கட்டாயமாக்கியது 1923இல்தான். எனவே மூன்று பெயரிலும் தேட வேண்டும்.

கேள்வி: 1865 நார்வே கணக்கில் வயது எப்போதும் ஒன்று கூடுதலாக வருகிறதே?

பதில்: தவறில்லை. நடக்கும் வயதையும் சேர்த்து எழுதினார்கள். கணக்கெடுத்த நாள் 1865 டிசம்பர் 31. "20" என்றால் முடிந்தது 19, பிறந்தது 1846. 1865இலிருந்து 20ஐக் கழித்து 1845இல் ஞானஸ்நானப் பதிவைத் தேடுகிறவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். 1875இல் பிறந்த ஆண்டையே கேட்டார்கள், 1910இல் முழுத் தேதி உண்டு. எல்லாம் நார்வே தேசிய ஆவணக்காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்கிவெட் தளத்தில் இலவசம்.

கேள்வி: நார்வேயின் பெர்கன் துறைமுகத்திலிருந்து கிளம்பினார் என்று தெரியும். நியூயார்க் பட்டியலில் அங்கிருந்து வந்த கப்பலே இல்லை.

பதில்: நீராவிக் கப்பல் காலத்தில் பெரும்பாலோர் இரண்டு கப்பல் மாறினார்கள். முதலில் சிறு கப்பலில் இங்கிலாந்தின் ஹல், அங்கிருந்து ரயிலில் லிவர்பூல், பிறகு பெரிய கப்பல். நார்வே காவல்துறை வைத்திருந்த குடிபெயர்வோர் பதிவேட்டில் பல சமயம் முதல் கப்பலின் பெயர்தான் இருக்கும். அந்தத் தேதியிலிருந்து இரண்டு, மூன்று வாரம் தள்ளி, லிவர்பூலிலிருந்து வந்த கப்பல்களில் தேடுங்கள். இந்தப் பதிவேடுகள் டிரான்ட்ஹைமுக்கு 1867 முதல், பெர்கனுக்கு 1874 முதல் கிடைக்கின்றன. ஸ்டவாங்கருக்கு 1903க்கு முந்தையவை அழிந்துவிட்டன.

நீராவிக் கப்பல் காலத்துக்கும் முன்னால் போனவர் என்றால் பாய்மரக் கப்பல், 1850களில் பெரும்பாலும் கனடாவின் கியூபெக்தான். கியூபெக் பயணியர் பட்டியல்கள் 1865இலிருந்துதான் இருக்கின்றன. அப்போது கை கொடுப்பது நார்வே திருச்சபைப் பதிவேட்டின் ஊரைவிட்டுப் போனோர் பகுதி. பெயர், வயது, பண்ணை, போகும் இடம் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கலாம்.

இணையத்தில் தேடும்போது பெயரை முழுதாக அடிக்காதீர்கள். முதல் மூன்று எழுத்தும், மீதி எதுவாகவும் இருக்கலாம் என்று காட்டும் நட்சத்திரக் குறியும் (*) போதும், கூடவே வயதைக் கொடுங்கள்.

கேள்வி: நியூயார்க்கில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவின் அதிகாரி பெயரை மாற்றிவிட்டதாக வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: இல்லை. பட்டியலைக் கப்பல் நிறுவனம் கிளம்பும் துறைமுகத்திலேயே எழுதியது. அதிகாரி அதை வைத்துச் சரிபார்த்தார், அவ்வளவுதான். அந்தத் தீவு திறந்ததே 1892 ஜனவரி 1. அதற்கு முன் வந்தவருக்கு அது பொருந்தவே பொருந்தாது. பெயர் மாறியது ஊரில் குடியேறிய பிறகு.

கேள்வி: ஒரே பெயர், ஒரே வயது, ஒரே திருச்சபை வட்டம். இரண்டு பேர் மிஞ்சுகிறார்கள்.

பதில்: இருவரையும் பின்தொடருங்கள். ஒருவர் 1891, 1900 நார்வே கணக்குகளிலும் அங்கேயே இருந்தால் அவர் உங்கள் ஆள் அல்ல. அடக்கப் பதிவையும் பாருங்கள், சின்ன வயதிலேயே இறந்திருக்கலாம். அப்படி இறந்தால் அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பது வழக்கம் என்பதால், முதல் ஞானஸ்நானப் பதிவைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். பிறகு அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் பெயரைப் பாருங்கள். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்பது அவர்கள் முறை. மூத்தவன் லார்ஸ் என்றால் அது ஓலே லார்சன் இருவருக்குமே பொருந்தும், அதனால் மகள்களுக்கு வைத்த பாட்டிகளின் பெயரைப் பாருங்கள், பிரித்துக் காட்டுவது அதுதான்.