வயலினைத் தொட மனமில்லாதவர் பார்க்க ஒரு ஜப்பானியத் தொடர்

வயலின் கற்றும் மேடை கிடைக்கவில்லை, 'நோடாமே கான்டாபிலே' பார்த்தால் வயிற்றெரிச்சல்தான் வருகிறது, வேறு ஜப்பானியத் தொடர் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். வராமல் என்ன செய்யும்? அதில் வருபவர்கள் இசைக் கல்லூரி மாணவர்கள், வாழ்க்கையே முன்னால் கிடக்கிறது.

நீங்கள் 'குவார்டெட்' பாருங்கள். டிபிஎஸ் தொலைக்காட்சியில் 2017இல் வந்தது, மொத்தம் 10 பகுதிகள், எழுதியவர் யூஜி சகமோடோ. முப்பதைத் தொட்டும் தாண்டியும் நிற்கும் நான்கு பேர், இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, இன்னும் பெரிய ஒரு செல்லோவோடு கருயிசாவா மலை ஊரில் ஒரே வீட்டில் தங்கி, உணவகத்தில் வாசிக்கிறார்கள். பெரிய பெயர் யாருக்கும் இல்லை.

முதல் பகுதியில் பொரித்த கோழிமேல் கேட்காமல் எலுமிச்சை பிழிந்ததற்கு ஒரு நீண்ட சண்டை வரும். அலுத்துப்போய் நிறுத்திவிடாதீர்கள், அவர்கள் யார் என்பது அங்கேதான் தெரிகிறது. நால்வரில் ஒருத்தியின் கணவன் காணாமல்போன மர்மமும் உண்டு, எனக்கு அது இரண்டாம்பட்சம்தான்.

ஐந்தாம் பகுதி உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். பெரிய மேடை கிடைக்கிறது, ஆனால் பதிவு செய்த இசைக்கு வாசிப்பதுபோல் நடிக்கச் சொல்கிறார்கள். கடைசிப் பகுதியில் பெயரில்லாத ரசிகர் ஒருவரிடமிருந்து கடிதம் வரும்: திறமை இல்லையென்று தெரிந்தும் ஏன் வாசிக்கிறீர்கள்? உங்கள் மனதில் இருக்கும் கேள்வியேதான். அவர்கள் பதிலை நான் சொல்ல மாட்டேன். அப்புறம், இரவில் பார்த்தால் பக்கத்தில் ஏதாவது சாப்பிட வைத்துக்கொள்ளுங்கள், பசிக்கும்.