மைக் தெரிவது படத்தின் குற்றமில்லை

60-களின் லோ பட்ஜெட் பேய்ப்படம், 4:3 (அகலம்:உயரம்) டிவிடி; ஃப்ரேமின் உச்சியில் மைக் எட்டிப் பார்க்கிறது, காட்டேரி பட்டப்பகலில் நடக்கிறது என்கிறீர்கள். எடுத்தவர்களைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும் டிவிடிக்கு மாற்றிய இடத்தில் நடந்த கோளாறு இது.

35 எம்.எம். ஃபிலிமில் ஏறக்குறைய 1.37:1 அளவில் முழு ஃப்ரேமும் பதிவாகும். தியேட்டர் புரொஜெக்டரில் இருக்கும் தகடு மேலும் கீழும் மறைத்து 1.85:1 ஆக்கிவிடும். மைக் அந்த மறைப்புக்குள்தான் இருந்தது. டிவிக்காக முழு ஃப்ரேமையும் திறந்து காட்டியதால் அம்பலமாகிவிட்டது.

வி.எல்.சி என்ற வீடியோ பிளேயரில் ஓடவிட்டு, கீபோர்டில் 'சி'யைத் தட்டிக்கொண்டே போனால் க்ராப் (ஓரம் வெட்டும்) அளவு மாறும், 1.85:1-ல் நிறுத்துங்கள். 640×480 படத்தில் மேலும் கீழும் தலா 67 வரிகள் போகும். தலைகள் வெட்டுப்பட்டால் 5:3 போட்டுப் பாருங்கள், பல ஐரோப்பியப் படங்களுக்கு அதுவே பொருந்தும்.

அதற்குமுன் டைட்டில் கார்டைக் கவனியுங்கள். எழுத்துகளுக்கு மேலும் கீழும் தாராளமாக இடமிருந்தால் தைரியமாக வெட்டலாம். பக்கவாட்டில் எழுத்து இடித்தால் அது ஏற்கெனவே ஓரம் நறுக்கிய பிரதி, தொடாதீர்கள்.

காட்டேரி விஷயம்: இரவு விளக்குக்குக் காசில்லாமல் பகலிலேயே வெளிச்சத்தைக் குறைத்து, நீல ஃபில்டர் போட்டு எடுப்பார்கள். பிரிண்ட் போடும்போது இன்னும் இருட்டாக்குவார்கள். அது தெரியாதவர் டிவிடிக்காகப் பளிச்சென்று ஏற்றிவிட்டார். அந்தக் காட்சிகளுக்கு மட்டும் பிளேயரில் காமாவை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) குறையுங்கள். புல்மேல் விழும் கூரான நிழல் நிலா வெளிச்சமாகிவிடும். அந்த அழகுக்காகவே இந்தப் படங்களைப் பார்க்கலாம்.