‘போர்டு போய்விட்டது’ என்றால் எந்த போர்டு?

கேள்வி: ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் 43 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சி, இயக்கியதும் இரண்டு விநாடி படம் காட்டிவிட்டு இருண்டுவிடுகிறது. ஒலி மட்டும் தொடர்ந்து வருகிறது. பார்த்த மெக்கானிக் ஒருவர், போர்டு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்கிறார். மற்றொருவர் அதே போர்டைச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். எதை ஏற்பது?

பதில்: இருவருமே ஒரு படியைத் தாண்டிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. ஒலி தடையின்றி வருவதால், படத்தையும் ஒலியையும் உருவாக்கும் மெயின் போர்டும், அதற்கு மின்சாரம் தரும் பவர் போர்டின் பெரும்பகுதியும் வேலை செய்கின்றன என்றே கொள்ள வேண்டும். இருட்டறையில் தொலைக்காட்சியை இயக்கி, டார்ச் விளக்கைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகவேனும் படம் அசைவது தெரிந்தால், படம் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது, அதற்குப் பின்னால் வெளிச்சம் இல்லை என்று பொருள்.

பேக்லைட் எனப்படும் அந்த வெளிச்சத்தைத் தருபவை திரைக்குப் பின்னால் பட்டைகளில் வரிசையாகக் கோக்கப்பட்ட எல்.இ.டி.கள். பெரும்பாலும் அவை தொடரிணைப்பில் இருப்பதால், ஒன்று அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். அறுந்த வரிசைக்கு மின்னோட்டம் அனுப்ப முயலும் டிரைவர் சுற்று வோல்டேஜை மேலும் மேலும் உயர்த்திப் பார்த்து, வரம்பைத் தாண்டியதும் பாதுகாப்புக்காகத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அதுவரை மற்ற வரிசைகள் எரிவதுதான் நீங்கள் காணும் இரண்டு விநாடி வெளிச்சமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் புதிய போர்டைப் பொருத்தினாலும் அதுவும் இதே இரண்டு விநாடியில் அணையும். போர்டிலிருந்து பேக்லைட்டுக்குச் செல்லும் இணைப்பில் மெக்கானிக் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கும்போது, இயக்கிய கணத்தில் வோல்டேஜ் எழும்பி விழுந்தால் பட்டையிலும், எழும்பவே இல்லையென்றால் டிரைவரிலும் பழுதைத் தேட வேண்டும். பட்டையே பழுது என்றால் எல்லாப் பட்டைகளையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். செத்த எல்.இ.டி.யின் குறுக்கே ஒரு கம்பியை வைத்துக் கடத்திவிடும் குறுக்குவழி ஒன்று உண்டு. திரை எரியும், ஆனால் அதே வயதுள்ள மற்ற எல்.இ.டி.கள் அடுத்தடுத்துப் போகத் தொடங்கும்.

சோதித்தபின் உண்மையிலேயே போர்டுதான் பழுது என்று உறுதியானால், பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்ற கேள்விக்கு எல்லா போர்டுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

பவர் போர்டைப் பொறுத்தவரை, பழுதுபார்ப்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அதிலுள்ள கெபாசிட்டர், டயோடு, மாஸ்ஃபெட், ஃபியூஸ் போன்றவை தனித்தனியாகக் கிடைப்பவை. கண்ணால் பார்த்தும் மீட்டரால் அளந்தும் கண்டுபிடிக்கக்கூடியவை. தலை உப்பிய கெபாசிட்டர் எவருக்கும் தெரியும். உப்பாமலே உள்ளே உலர்ந்துபோனதை, கெபாசிட்டரின் உள் மின்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டர் காட்டிக்கொடுக்கும். மாற்றும்போது அதே கொள்ளளவும், அதே அல்லது சற்று உயர்ந்த வோல்டேஜ் அளவும் கொண்ட, 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கானதாகப் பார்த்துப் போட வேண்டும். கெபாசிட்டர் இயங்கும் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது இத்தொழிலின் பழைய கணக்கு. சுவரோடு ஒட்டி, காற்றே புகாத இடத்தில் மாட்டப்பட்ட தொலைக்காட்சிகள் சீக்கிரம் பழுதாவதற்கு அதுவும் ஒரு காரணம். ஃபியூஸ் எரிந்திருந்தால் அதை மட்டும் மாற்றி இயக்கிப் பார்ப்பது வீண். அதை எரித்த ஷார்ட் இன்னும் உள்ளேதான் இருக்கும். தெரிந்த மெக்கானிக் மின்வழியில் ஒரு குண்டு பல்பைத் தொடரிணைப்பாக வைத்த பிறகே இயக்குவார்: ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், போர்டு தப்பும். பலகையே கருகி ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் மாற்றிவிடுவது நல்லது. கரியாகிப்போன இடம் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது என்பதால், எத்தனை சுரண்டினாலும் அதை முழுமையாக நம்ப முடியாது.

இவற்றைப் படித்துவிட்டு நீங்களே பின்மூடியைக் கழற்ற வேண்டாம். 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் தொலைக்காட்சியின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கும் மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கலாம்.

மெயின் போர்டில் கணக்கு மாறுகிறது. லோகோவிலேயே நிற்பது, திரும்பத் திரும்பத் தானே தொடங்குவது போன்ற கோளாறுகளில் மென்பொருளோ அது பதிந்திருக்கும் நினைவகச் சில்லோ கெட்டிருக்கலாம். முதலில் பென்டிரைவ் வழியாக மென்பொருளை மறுபடியும் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதில் தீராவிட்டால் சில்லை மாற்றலாம், அதற்கான கருவிகள் உள்ளவரிடம் மட்டும். ஆனால் முதன்மைச் செயலிச் சில்லின் அடியிலுள்ள ஈயப் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, மேலிருந்து சூடுகாற்று அடித்து உயிர்ப்பித்துத் தருவதை ஏற்காதீர்கள். அது அநேகமாகச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டும் அதே நிலைக்குத் திரும்பிவிடும். அந்த நிலையில் போர்டை மாற்றுவதே மேல். இடியில் ஒரேயொரு எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் செயலிழந்திருந்தால் எதையும் மாற்றாமல் அடுத்த துளையைப் பயன்படுத்திக்கொண்டு போகலாம்.

மெயின் போர்டிலிருந்து வரும் படத்தைத் திரைக்கு ஏற்ற சமிக்ஞைகளாக மாற்றித் தரும் டி-கான் போர்டு சிறியது. அதை மாற்றுவதே வழக்கம். மாற்றுவதற்கு முன், அதிலிருந்து திரைக்குச் செல்லும் இரண்டு தட்டைக் கேபிள்களில் ஒன்றைக் கழற்றி, மறுபாதியில் படம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால், கழற்றிய பக்கத்துத் திரையில்தான் ஷார்ட் இருக்கும். திரையின் ஓரத்தை அழுத்தினால் மாறுகிற செங்குத்துக் கோடுகளும் திரையின் கோளாறுதான். எந்த போர்டை மாற்றினாலும் போகாது, அதற்கு மேல் அந்தத் தொலைக்காட்சிக்குச் செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன்.

மாற்று போர்டு வாங்கும்போது பின்பக்கத்தில் எழுதியிருக்கும் மாடல் எண்ணை மட்டும் நம்புவது பெருந்தவறு. ஒரே மாடலிலேயே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு திரைகள் பொருத்தப்படுவதுண்டு. போர்டில் ஒட்டப்பட்ட பாக எண்ணும், திரையின் முதுகில் உள்ள பேனல் எண்ணும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் படம் தலைகீழாகவோ நிறம் மாறியோ வரலாம், ரிமோட் கேட்காமலும் போகலாம். திரை உடைந்த தொலைக்காட்சியிலிருந்து கழற்றிய போர்டு பல நேரங்களில் நல்ல தேர்வு, ஆனால் பொருத்தி ஒரு மணி நேரமாவது ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டே ஒப்புக்கொள்ள வேண்டும்.

உங்கள் தொலைக்காட்சிக்கு முதலில் செய்ய வேண்டியது பேக்லைட் சோதனை. பட்டைகள் பழுது என்றால், திரைக் கண்ணாடியைத் தனியே தூக்கி வைத்துத்தான் அவற்றை மாற்ற முடியும் என்பதால், அந்த வேலையில் பழகிய கை வேண்டும். உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பேக்லைட் அளவைச் சற்றுக் குறைத்து வைத்தால் புதிய எல்.இ.டி.கள் கூடுதல் காலம் நிற்கும். பின்னாளில் மெயின் போர்டை மாற்ற நேர்ந்தால் பழையதைக் கடையில் விட்டுவிடாமல் வாங்கி வந்துவிடுங்கள்: சில வீடியோ ஆப்கள் உயர்தரப் படம் தருவதற்குத் தேடும் உரிமக் குறியீடுகள் அதன் நினைவகத்தில் இருக்கக்கூடும்.