ஒரே சித்தி, வேறு இசட் புள்ளி

கேள்வி: என் மகளும் அவளுடைய தோழியும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் தோற்றினார்கள். இருவருக்கும் இரண்டு ‘ஏ’, ஒரு ‘பி’. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி தோழிக்குக் கூடுதலாக இருக்கிறது. பெற்ற புள்ளிகளைக் கூட்டி வரிசைப்படுத்தினால் போதாதா?
– ஒரு தாய், வவுனியா

பதில்: 75 புள்ளி பெற்றவருக்கும் 95 பெற்றவருக்கும் கிடைப்பது ‘ஏ’ சித்திதான், இசட் புள்ளி கணிக்கப்படுவது சித்தியிலிருந்து அல்ல, விடைத்தாளில் பெற்ற புள்ளியிலிருந்து. புள்ளிகளைக் கூட்டும் முறை 2001 வரை இருந்தது. வினாத்தாள் கடினமாக அமைந்த பாடத்தை எடுத்தவர்களுக்கு அது அநீதியாக முடிந்தது.

இப்போது ஒவ்வொரு பாடத்திலும் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையை (எல்லோரும் பெற்ற புள்ளிகளின் சராசரியை) கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் இடையைச் சுற்றி எவ்வளவு பரந்துள்ளன என்பதன் அளவால்) வகுத்து, மூன்று பாடங்களுக்கும் கிடைப்பவற்றின் சராசரியை எடுக்கிறார்கள். பௌதிகவியலில் இடை 40, நியம விலகல் 15 என்று வைத்துக்கொண்டால், அதில் 70 பெற்றவருக்கு 2.0 கிடைக்கும்; இரசாயனவியலில் இடை 50, விலகல் 16 என்றால், 74 பெற்றவருக்கும் 1.5 தான் கிடைக்கும். இரண்டுமே ‘பி’ சித்திகள். உங்கள் மகளுக்கும் தோழிக்கும் இடையிலான வேறுபாடு இவ்வாறு வந்திருக்கலாம்.

ஆயினும் இந்தச் சூத்திரம் யாரை யாரோடு சேர்த்துக் கணிக்கிறோம் என்பதில் மிகுந்த கவனத்தைக் கோருகிறது. 2011 இல் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் வெவ்வேறு தாள்களுக்கு விடையளித்தவர்களை ஒன்றாகக் கலந்து கணித்தார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, இரு தொகுதியினருக்கும் தனித்தனியாகக் கணிக்கப் பணித்தது. தீர்ப்பு சரியானதே என்பது என் கருத்து, ஏனெனில் கலந்து கணித்தால் எளிய தாளை எழுதியவர்கள் உழைக்காமலே மேலே போய்விடுவார்கள். ஆனால் தனித்தனியாகக் கணிக்கும்போதும் இரு தொகுதியினரும் சம ஆற்றல் உள்ளவர்கள் என்று நாம் கருதிக்கொள்கிறோம். பழைய திட்டத்தில் எழுதியவர்களோ மீண்டும் தோற்றியவர்கள். இரு தாள்களிலும் பொதுவான வினாக்கள் சில இருந்திருந்தால், அவற்றுக்கு ஒவ்வொரு தொகுதியும் அளித்த விடைகளைக் கொண்டு, ஆற்றல் வேறுபாட்டையும் தாளின் கடினத்தையும் பிரித்தறிந்திருக்கலாம். தாள் தயாரிக்கும் கட்டத்திலேயே இதற்குத் திட்டமிட வேண்டும். பெறுபேறு வந்த பிறகு எந்தக் கணக்காலும் ஈடுசெய்ய இயலாது.

இதே காரணத்தால், ஓர் ஆண்டின் இசட் புள்ளியை இன்னோர் ஆண்டினதோடு நேராக ஒப்பிட முடியாது. மகள் மீண்டும் தோற்றுவதானால் அவளுடைய புள்ளி அந்த ஆண்டில் எழுதுவோரை வைத்தே கணிக்கப்படும். ஆகவே இவ்வாண்டு வெட்டுப்புள்ளியை (அனுமதிக்குத் தேவைப்பட்ட குறைந்தபட்ச இசட் புள்ளியை) உறுதியான எல்லையாகக் கொள்ளாமல், அதைவிடச் சற்று உயர்வாகவே இலக்கு வைக்கச் சொல்லுங்கள்.